முப்பது மில்லிமீட்டர்

விளம்பரத்தில் எல்லாம் இருந்தது,
இருக்கையின் உயரம் தவிர.
பார்னுவில் ஒரு கொட்டகையிலிருந்து
ரைவோ அதை உருட்டிவந்து நிறுத்தினான்.
என் இடுப்புக்கு மேலே தொடங்கியது பைக்.

ஏறி உட்கார்ந்தேன்.
இடது கால் கட்டைவிரல்
தரை இருக்கிறதா என்று விசாரித்தது.
வலது கால், பாவம்,
காற்றில் தொங்கியது.
"இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கலாம் நீங்கள்"
என்றான், நிலைப்படியில் தலை இடிக்கும் ரைவோ.
முப்பத்தொன்பது வயது எனக்கு.
இனி வளர்வதாக இல்லை.
விலையில் நூறு யூரோ குறைத்தேன்:
அந்தப் பேச்சுக்கு ஐம்பது,
குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடந்து
தகடெல்லாம் வெள்ளை பூத்துச் செத்துப்போன
பாட்டரிக்கு ஐம்பது.

நான் வளராவிட்டால் அது குனியட்டும்.

ரொட்டி அறுக்கும் கத்தியால்
இருக்கைப் பஞ்சை இழைத்தேன்.
மேலே கொஞ்சம்தான்;
தொடை உரசும் ஓரங்களில் நிறைய.
உயரத்தைப் போலவே அகலமும்
காலைத் திருடுகிறது என்பது
குட்டையானவர்களுக்குத் தெரியும்.
பின்பக்கம் நீளமான இணைப்புத் தகடு,
முப்பது மில்லிமீட்டர் இறக்கம்.
முன்பக்கம் பிடிப்பான்களைத் தளர்த்தி
ஃபோர்க் குழாய்களை ஏற்றினேன்,
இரண்டிலும் ஒரே அளவு,
மூன்று முறை அளந்து.
அந்த இரவில்
இரண்டு பாதங்களின் பந்துகளும் தரையில் பதிய
விளக்கை அணைக்காமல்
அதன்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
எங்கும் போகவில்லை.

விர்ட்சுவுக்கும் குய்வாஸ்துவுக்கும் நடுவே
ஓடும் படகில் எனக்கு வேலை.
பதினோரு கோடையாய்
ஊரார் வண்டிகளுக்குக் கை காட்டுகிறவள்:
இங்கே. இன்னும் முன்னால். போதும்.
ஜூனில் ஒரு நாள்
என் வண்டியையே ஏற்றி நிறுத்தி
ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை;
கடல் லேசாகத் தோளைக் குலுக்கியது.
வலப்பக்கம் சாய்ந்து
மீன் வேன் ஒன்றின் கதவில்
கண்ணாடியை உடைத்துக்கொண்டு
படுத்துவிட்டது.

வண்டியை இறக்கியவள்
பக்கவாட்டு ஸ்டாண்டை மறந்துவிட்டேன்.
பழைய நீளத்தில் அது
வண்டியை நெட்டுக்குத்தாய் நிறுத்தி
விழுவதற்கு ஒரு மூச்சு தூரத்தில் வைத்திருந்தது.

நாலு பேர் ஓடிவந்தார்கள்.
"யாரும் தொடாதீர்கள்."
முதலில் ஸ்டாண்டை விரித்துவிட்டு,
முதுகைக் காட்டி, குந்தி,
இருக்கையில் இடுப்பைக் கொடுத்து
பின்னோக்கிச் சின்னச் சின்ன அடிகள்.
எழுந்தது.
கைதட்டியவர்களில் மீன்காரரும் இருந்தார்,
கதவுக்குக் காசு வாங்கிக்கொண்டார் என்றாலும்.
அடுத்த நாள் வெல்டர் ஹெல்டூர்
ஸ்டாண்டில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி
அந்தத் துண்டை என் கையில் வைத்தார்.
சாவிக்கொத்தில் கிடக்கிறது.

அக்டோபரில் முதல் உறைபனி.
முதலில் கறுப்புக் கம்பி, பிறகு சிவப்பு.
அறைகளில் தண்ணீர் பார்த்து,
காய்ச்சி வடித்தது மட்டும், கோடு வரை,
துருவத் தொடங்கிய முனைகளுக்கு வாஸ்லின் தடவி,
புதுப் பாட்டரியைச் சரக்கறைக்குள் கொண்டுவந்தேன்.
ஊறுகாய் வெள்ளரி ஜாடிகளுக்கு எதிரே
பலகை ஒன்றில் குடிவைத்தேன்.
வெறுமையான பாட்டரிதான் பனியில் உறையும்;
நிறைந்திருப்பதை அவ்வளவு சுலபமாய்
குளிர் தொடாது.
மாதம் ஒரு முறை மீட்டரை வைப்பேன்.
பன்னிரண்டு புள்ளி ஆறு.
நான்கு குறைந்தால்
ஒரு இரவு மெல்லிய மின்னூட்டம்.
ஜனவரியில் யாருக்கும் போன் செய்யாத வாரங்களில்
அதை மட்டும் நலம் விசாரித்திருக்கிறேன்.

மே மாதம். சிவப்பு முதலில், பிறகு கறுப்பு.
முதல் தட்டிலேயே பிடித்துக்கொண்டது.

அதே மாதம் படகில் ரைவோ.
புது பைக், முன்னதைவிட உயரம்.
கரை வந்து கதவு இறங்கிய பிறகும்
அவன் மட்டும் நகரவில்லை.
பொத்தானை அழுத்தினால் டிக், டிக்.
பின்னால் முப்பது ஹார்ன்கள்.
"கொட்டகையிலா வைத்திருந்தீர்கள்?"
தலையாட்டினான்.

என் வண்டியை உருட்டிவந்து
பக்கத்தில் நிறுத்தினேன்.
சிவப்புக்குச் சிவப்பு;
கறுப்பை அவன் எஞ்சின் இரும்பில் கவ்வவிட்டேன்.
இருமி, இருமி, உயிர் வந்தது.
அவன் என் இருக்கையைக் குனிந்து பார்த்தான்,
கத்தி போன தடத்தை,
பிறகு
தளத்தில் ஊன்றியிருந்த என் கால்களை.

போகும்போது கை உயர்த்தினான்.
அந்த ஐம்பது யூரோவைப் பற்றி
இருவரும் பேசவில்லை.